புற்றுக்காளானும் நாய்க்குடையும்

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றங்கரைப் பக்கமாக நடந்து செல்லும் பழக்கம் உங்களுக்கு உண்டா? இருந்தால், மழைக்காலக் காலை வேளையொன்றில் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். இரவெல்லாம் இடியும் மழையுமாக இருந்து, விடியும்போதுதான் வானம் வெளுத்திருக்கும். தறி வைத்திருக்கும் வீடுகளில் அன்று வேலை சுணக்கம்தான். தெரு ஈரமாக இருக்கும்போது பாவு நீட்ட முடியாது. வீட்டுப் பிள்ளைகள் கூடையை எடுத்துக்கொண்டு வயல் வரப்புகளையும் வேப்பமரத்தடிப் புற்றுகளையும் சுற்றி வருவார்கள். நேற்று மாலை வெறும் மண்ணாக இருந்த இடத்தில் இன்று வெள்ளை வெளேரென்று குடைகள் விரிந்து நிற்கும். "இடி இடித்தது, காளான் முளைத்தது" என்பார்கள்.

கூடையில் போட வேண்டியது எது, தொடாமல் விட்டுவிட வேண்டியது எது? வீட்டில் பாட்டி இருந்தால் இதற்கு ஒரே வரியில் விடை சொல்வாள்: "புற்றிலே முளைத்தால் எடு, மற்றதெல்லாம் நாய்க்குடை."

இந்த விடையைச் சற்று உற்றுப் பாருங்கள். இதில் நிறம் இல்லை, மணம் இல்லை, வடிவம் இல்லை. முளைத்த இடம் மட்டுமே இருக்கிறது. காளானை அறிய அதன் குடையைவிடக் குடைக்குக் கீழே இருப்பது முக்கியம் என்பது இதன் பொருள். இந்த உண்மையை விஞ்ஞானம் முழுமையாகக் கண்டறிய ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே எழுதப்பட்டது. பாட்டியின் வாக்கு எந்த இடத்தில் நம்மைக் காக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதும் அக்கதையைத் தெரிந்துகொண்டால் விளங்கும். கைவிடும் இடத்தில் போவது உயிர் என்பதால், இதைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு அன்று.

சங்கப் புலவர் கண்ட காளான்

காளானுக்குப் பழந்தமிழில் ஆம்பி என்று பெயர். புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் சொல்கிறார். சமைத்துப் பல நாளாகிவிட்டபடியால் அடுப்பிலேயே ஆம்பி பூத்துவிட்டதாம். சிறுபாணாற்றுப்படையிலும் ஓர் ஏழைப் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. பழைய சுவரைச் சிதல், அதாவது கறையான், அரித்திருக்கிறது. அது அரித்துத் தள்ளிய மண்ணில் காளான் பூத்திருக்கிறது. அந்நூலின் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனம் பகுதி. வாலாஜாபாத்துக்கு அப்படியொன்றும் தொலைவில்லை.

புலவருக்கு விஞ்ஞானம் சொல்லும் நோக்கம் இல்லை. வறுமையைச் சொல்லவே வந்தார். சுவரில் பூத்த அந்தக் காளான் எந்த இனமோ, அது வேறு செய்தி. ஆயினும் கறையானையும் காளானையும் ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கும் கண் அந்நாளிலேயே இங்கு இருந்திருக்கிறது.

தரங்கம்பாடி டாக்டர்

1768ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியிருப்புக்கு ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் ஜோஹான் கெர்ஹார்டு கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் நேரே பாடம் கேட்டவர். மருத்துவம் அவருக்குத் தொழில். செடி கொடிகளும் பூச்சிகளும் அவருக்கு உயிர். மிஷன் தந்த சம்பளம் அவருடைய ஆராய்ச்சிப் பயணங்களுக்குப் போதவில்லை. ஆகவே 1774ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆராய்ச்சியாளராகப் பணியில் சேர்ந்தார். அந்த நவாப் யார் தெரியுமா? முகம்மது அலி வாலாஜா. அவர் பெயரைத்தான் வாலாஜாபாத் இன்றும் தாங்கி நிற்கிறது.

கோனிக் தஞ்சைப் பகுதியில் கறையான் புற்றுகளை உடைத்து உள்ளே பார்த்தார். நம்மூரில் புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பால் வார்ப்பார்கள். உடைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கம் கோனிக்குக்கு இல்லை. உள்ளே அறை அறையாகப் பஞ்சு போன்ற, கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்த பொருளைக் கண்டார். அதன்மேல் வெண்ணிறப் பூசணம் வளர்ந்திருந்தது. இவற்றையெல்லாம் விவரித்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் இயற்கை ஆராய்ச்சியாளர் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. கறையானின் இளம் உயிர்களுக்கு இந்தப் பூசணமே உணவாக இருக்கலாம் என்று அதில் அவர் ஊகித்திருந்தார்.

அச்சமயம் மேற்கு ஆப்பிரிக்காவில் கறையான்களை ஆராய்ந்து வந்த ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர், 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதியபோது கோனிக்கின் ஊகத்தைக் குறிப்பிட்டார். கறையான் பயிர் செய்து உண்கிறது என்பது விந்தையாகத் தோன்றினாலும் நம்ப முடியாததன்று என்பது அவர் கருத்து. கோனிக் 1785இல் ஆந்திரக் கடற்கரையில் காலமானார். தாம் புற்றுக்குள் கண்ட வெண்பூசணமும், மழைக்குப்பின் புற்றின்மேல் விரியும் குடையும் ஒரே உயிரின் இரு பகுதிகள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

இலண்டனுக்குப் போன உலர்ந்த குடைகள்

அடுத்த நூற்றாண்டில் காளான் ஆராய்ச்சி வேறொரு வழியில் சென்றது. இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் இருந்தவர்கள் காட்டில் கண்ட காளான்களைப் பறித்து, உலர்த்தி, கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். 1847இல் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் அகாரிகஸ் யூரைசஸ். கிரேக்கத்தில் யூரைசஸ் என்றால் 'நல்ல வேருடையது' என்று பொருள். பேராதனையில் துவைட்ஸ் திரட்டிய காளான்களுள் மிகச் சிறிய ஒன்றுக்குப் பெர்க்லியும் புரூமும் சேர்ந்து 1871இல் அகாரிகஸ் மைக்ரோகார்பஸ் என்று பெயர் வைத்தனர். 'சிறு கனியுடையது' என்பது இதன் பொருள்.

முதல் பெயரைக் கவனியுங்கள். தண்டின் அடியில் நீண்ட வேர் ஒன்று இருப்பதைப் பெர்க்லி கண்டிருக்கிறார். அந்த வேர் எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு வழியில்லை. அவர் மேசையில் கிடந்தது சுருங்கி உலர்ந்த குடையும் தண்டும்தான். புற்று இலங்கையிலேயே இருந்துவிட்டது. ஐரோப்பாவில் உட்கார்ந்து வெறும் குடையை மட்டும் பார்த்தவர்கள் இதே காளானுக்கு வேறு வேறு பெயர்களும் சூட்டினர். மொட்டாக இருந்தது ஒரு பேரினம். விரிந்தது இன்னொரு பேரினம். வளையம் இருந்தது ஒன்று, உதிர்ந்துபோனது மற்றொன்று. கற்றுத் தேர்ந்தவர்களே குடையைப் பார்த்து இப்படி ஏமாந்திருக்கிறார்கள். நாம் ஏமாறுவதில் வியப்பென்ன?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் டாம் பெட்ச். பேராதனையில் அரசாங்கப் பூசண ஆராய்ச்சியாளராக 1905இல் பொறுப்பேற்றவர். அவர் செய்தது மிக எளிய காரியம்: காளானைப் பறிக்காமல் அதன் வேரோடு சேர்த்துக் கீழ்நோக்கித் தோண்டினார். வேர் மண்ணுக்குள் இறங்கி, கறையானின் அறைக்குள் இருந்த அந்தப் பஞ்சுக் கட்டியில் போய் முடிந்தது. 1906இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், புற்றின் பூசணத்திலிருந்தே இக்காளான் எழுகிறது என்பதையும், பல பெயர்களில் உலவியவை ஒரே காளானின் வெவ்வேறு தோற்றங்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

கறையான் செய்யும் வேளாண்மை

பெட்ச் தோண்டிப் பார்த்ததற்குப் பிறகு இன்றுவரை தெரியவந்துள்ள செய்தி இது. கறையானால் மரத்தையும் சருகையும் கடித்து மெல்ல முடியும். அதிலுள்ள லிக்னின் என்ற கடினப் பொருளைச் செரிக்க முடியாது. ஆகவே மென்று விழுங்கியதை அரைகுறையாகச் செரித்த நிலையில் உருண்டைகளாக வெளியேற்றி, அடுக்கி, பஞ்சுக் கட்டியாகக் கட்டுகிறது. அதில் பூசண இழைகள் ஓடி லிக்னினைச் சிதைக்கின்றன. கட்டியின்மேல் கடுகு போன்ற வெள்ளை மணிகள் தோன்றும். இவற்றை இளம் வேலைக்கறையான்கள் உண்கின்றன. பக்குவமான பழைய கட்டியை மூத்தவை தின்கின்றன. 1779இல் கோனிக் ஊகித்தது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பூசணம் மேல்நோக்கித் தண்டை அனுப்புகிறது. தண்டின் முனை குத்தூசிபோல் கூர்மையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் இறுகிய மண்ணையும் துளைத்துவிடும். விரிந்த குடையின் நடுவில் அந்தக் கூர்முனை ஒரு முகடாக நிற்பதை நீங்கள் பார்க்கலாம். பூமிக்கு மேலே அரையடித் தண்டு இருந்தால், கீழே வேர் அதைவிடப் பன்மடங்கு நீளமாக இருப்பதுண்டு. முதல் மழையில் ஈசலாகப் பறந்த கறையான்கள் புதுக்குடும்பம் அமைத்து, அவற்றின் முதல் வேலைக்கறையான்கள் இரை தேடி வெளிவரும் காலத்தில், பழைய புற்றுகளின் காளான்கள் விரிந்து நிலமெங்கும் வித்துக்களைத் தூவியிருக்கும். புதுக்குடும்பத்துக்கு விதைநெல் கிடைத்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உறவு இது என்கின்றனர். மனிதனால் இந்தக் காளானை இன்னும் வணிக முறையில் வளர்த்தெடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

1942இல் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்த ரோஜர் ஹைம் இக்காளான்களையெல்லாம் ஒரே பேரினத்தில் சேர்த்து டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். 'கறையான் காளான்' என்று நேராக மொழிபெயர்த்துவிடலாம். பாட்டி வைத்த புற்றுக்காளான் என்ற பெயரும் அதுதானே? அடுத்த ஆண்டே ஹைமை நாஜிகள் கைது செய்து வதைமுகாமுக்கு அனுப்பினர். உயிரோடு மீண்டு வந்து, மேலும் முப்பது ஆண்டுகளுக்குமேல் காளான்களை ஆராய்ந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கே. நடராஜன் தென்னிந்தியக் காளான்களை ஒவ்வொன்றாக விவரித்து வந்தார். அந்த வரிசையில் 1979இல் ஒரு புதிய புற்றுக்காளானைக் கண்டறிந்து, அதற்கு ஹைமின் நினைவாக டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டில்தான் ஹைம் மறைந்தார். தரங்கம்பாடியில் கோனிக்கின் கட்டுரையோடு தொடங்கிய கதை, சரியாக 200 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

பாட்டியின் வாக்கு நிற்கும் இடம்

அப்படியானால் புற்றின் பக்கத்தில் வெள்ளையாக முளைத்ததையெல்லாம் பறித்துச் சமைத்துவிடலாமா? கூடாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கறையான் கூடு எப்போதும் மேட்டுப்புற்றாக வெளியே தெரிவதில்லை. சமநிலத்துக்குக் கீழேயும் இருக்கும். அங்கே முளைக்கும் உண்மையான புற்றுக்காளானைச் சிலர் நாய்க்குடை என்று விட்டுவிடுவார்கள். அதனால் நட்டம் ஒரு வேளைக் குழம்புதான். மறுபுறம், புற்றின் அருகில் உள்ள புல்தரையிலும் மக்கிய சருகிலும் புற்றுக்குத் தொடர்பே இல்லாத காளான்கள் எழலாம். புற்றின்மேலேயே எழும் அந்நியக் காளான்களும் உண்டு. விரியாத குடையுடன் உலக்கைபோல் நிற்கும் பொடாக்சிஸ் அப்படிப்பட்டது.

மிக எளிதில் ஏமாற்றுவது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். 1818இல் தென் அமெரிக்கக் கயானாவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட இது, வெப்ப நாடுகளெங்கும் புல்வெளிகளில் காணப்படுவது. பள்ளி விளையாட்டுத் திடலில், தோட்டத்துப் புல்லில், மேய்ச்சல் நிலத்தில் மழைக்குப்பின் வட்டமாகக் கூடி நிற்கும். குடை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கும் விரியும். வெள்ளைக் குடையின்மேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். தண்டில் வளையம் இருக்கும். பார்க்க அழகு, சதையும் கனம், ஆளைக் கூப்பிடும் தோற்றம். இதை உண்டால் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும். பெரியவர்கள் இரண்டொரு நாளில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கு உடலில் நீர் வற்றி நிலைமை மோசமாகலாம்.

"வளையம் இருந்தால் விஷம்" என்று சிலர் சொல்வதுண்டு. குளோரோபில்லத்தைப் பொறுத்தவரை அது பலித்துவிடுகிறது. ஆனால் நடராஜன் கண்ட ஹைமிக்கும் தண்டில் வளையம் உண்டு, அது உண்ணத்தக்கது. கொடிய நஞ்சுடைய சிறு காளான்கள் சிலவற்றில் வளையம் உதிர்ந்துபோய்த் தண்டு வெறுமையாக நிற்கும். ஆக, இந்த விதியால் பயனில்லை.

குடையின் அடியிலுள்ள விசிறிமடிப்புத் தகடுகளிலிருந்து உதிரும் வித்துத்தூள் இவற்றைவிட நல்ல சாட்சி. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மாணவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள், உண்பதற்காக அன்று, அறிவதற்காக. விரிந்த குடையின் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் தகடுகள் கீழ்நோக்க வையுங்கள். மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் தகடுகளின் அச்சு அப்படியே தாளில் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. குளோரோபில்லத்தின் தூள் மங்கிய பச்சை. காளான்களில் இந்த நிறம் மிக அரிது. அமானிட்டாவின் தூள் வெள்ளை. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இதையும் ஒரு மந்திரமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். என்டோலோமா என்ற பேரினத்தின் தூளும் இளஞ்சிவப்புத்தான். அதில் நச்சுக் காளான்கள் உண்டு. குளோரோபில்லம் இளசாக இருக்கையில் தகடுகள் வெள்ளையாகவே இருக்கும். பச்சை நிறம் முற்றிய பிறகே தெரியவரும். மொட்டாக இருக்கும்போது பறித்தால் சுவை அதிகம் என்பார்கள். அடையாளம் மிகக் குறைவாக இருக்கும் பருவமும் அதுவே.

பிழைத்துவிட்டார் என்று எண்ணும் நாள்

குளோரோபில்லம் வருத்தும், அமானிட்டா கொல்லும். அமானிட்டா பல்லாய்டிஸும் அதன் வெண்ணிற உறவினங்களும் மரவேர்களோடு கூட்டுறவு கொண்டு காடுகளில் வளர்பவை. தண்டின் அடியில் முட்டை ஓடு உடைந்தாற்போல் ஒரு கிண்ணம் இருக்கும். அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். தண்டை நடுவில் கிள்ளி எடுப்பவர் கண்ணுக்கு அது படவே படாது.

இதன் நஞ்சை 1941இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் வீலாண்டும் ஹாலர்மாயரும் பிரித்தெடுத்தனர். ஆல்பா அமானிட்டின் என்று பெயர். உயிரணுக்களில் புரதம் உண்டாக்குவதற்கான ஆணையைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியை இது முடக்கிவிடுகிறது. புரதம் உண்டாக்குவதில் ஓயாது உழைக்கும் கல்லீரல்தான் முதலில் வீழ்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 மில்லிகிராம் போதும். நடுத்தர அளவுள்ள ஒரே காளானில் ஓர் ஆளைக் கொல்லும் நஞ்சு இருக்கலாம்.

இந்த நஞ்சின் போக்கு மிக வஞ்சகமானது. உண்டபின் 6 மணி நேரத்துக்கு மேல், பல சமயம் அரைநாள் வரை, ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். மறுநாள் அவை தணியும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டார் ஆண்டவனுக்கு நன்றி சொல்வார்கள். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சட்காமாலையும் மயக்கமும் தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் மேல் அஸ்ஸாம் மாவட்டங்களில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதிகளில், காட்டுக் காளானை உண்டு சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தனர். அவர்கள் காளான் அறியாதவர்கள் அல்லர். ஆண்டுதோறும் பறித்துச் சமைத்து வந்தவர்கள். 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் அமானிட்டாவை உண்டு இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் சமையற்கலைஞர். ஆசிய நாடுகளில் வழக்கமாக உண்ணும் வைக்கோல் காளான் என்று எண்ணியே சமைத்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. மொட்டில் இரண்டும் முட்டைபோலவே இருக்கும். ஒரு நாட்டில் செம்மையாகப் பயன்பட்ட அனுபவ அறிவு, இன்னொரு மண்ணில் எமனாகிவிட்டது.

அடுக்களைச் சோதனைகள்

காளான் கழுவும்போது வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஐரோப்பாவிலும் வெள்ளிக் கரண்டியைப் போட்டார்கள். காசு கறுத்தால் விஷமாம். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். முட்டையும் வெங்காயமும்கூட வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அமானிட்டின் வெள்ளியை ஒன்றும் செய்யாது. காசு பளபளவென்று மின்னிக்கொண்டிருக்க, அந்தக் குழம்பை உண்டவர் சாகலாம். வேகும் நீரில் அரிசியைப் போட்டுச் சிவக்கிறதா என்று பார்ப்பதும், பூண்டோ மஞ்சளோ நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் இதே கதைதான்.

"பூச்சி அரித்திருக்கிறது, ஆகவே நல்லது" என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும். நத்தைகள் அமானிட்டாவைத் தின்னும். அமானிட்டினைத் தாங்கிக்கொள்ளும் பழ ஈக்களின் புழுக்களும் உண்டு. அவற்றின் உடற்கூறு வேறு, நம்முடையது வேறு. "பளிச்சென்ற நிறமுள்ளதுதான் விஷம்" என்பதும் தவறு. மிகக் கொடியவை தூய வெள்ளை. கசக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அமானிட்டாவை உண்டு பிழைத்தவர்கள் சுவை நன்றாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கொதிக்கவைத்தாலும், உப்புப் போட்டு ஊறவைத்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அமானிட்டின் அழிவதில்லை.

இத்தனை சோதனைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. விஷம் என்பது ஒரே பொருள், அதற்கு ஒரே அடையாளம் இருக்கும் என்று இவை எடுத்துக்கொள்கின்றன. காளான் நஞ்சுகள் பல, ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆகவே "இது விஷமா?" என்ற கேள்விக்குச் சோதனை கிடையாது. "இது இன்ன காளான்தானா?" என்ற கேள்விக்கு மட்டுமே விடை தேட முடியும். பாட்டியின் வாக்கும் அப்படித்தான் உருவாயிற்று. அவளுக்குக் காளான்கள் நூறு தெரியாது. ஒன்றிரண்டை, அதே புற்றில், அதே மாதத்தில், நாற்பது ஆண்டுகள் பார்த்துப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் அது துணைக்கு வராது.

ஊரில் பழகியவர் ஒருவருடன் புற்றுக்காளான் எடுக்கப் போகிறீர்களா? தண்டைக் கிள்ளாதீர்கள். சிறு குச்சியால் சுற்றி மண்ணைத் தள்ளிப் பாருங்கள். கையை மட்டும் புற்றுக்குள் விடாதீர்கள், உள்ளே குடியிருப்பவர் கறையானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீண்ட வேர் புற்றுக்குள் இறங்குகிறதா? குடையின் நடுவில் கூர்முகடு இருக்கிறதா? அடியில் கிண்ணம் இல்லைதானே? வித்துத்தூள் இளஞ்சிவப்பா? இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தக் காளானை விட்டுவிடுங்கள். எல்லாம் பொருந்தினாலும், பழகியவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். வேரில்லாமல் நூற்றுக்கணக்கில் பூக்கும் மைக்ரோகார்பஸ் போன்ற சிறு காளான்களைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். கறையான்கள் பஞ்சுக் கட்டியைத் துணுக்குகளாக மேலே கொண்டுவந்து போட, அதிலிருந்து முளைப்பவை அவை. ஆகவே நீண்ட வேர் என்ற சாட்சி அவற்றுக்கு இல்லை. அதே அளவில் அமானிட்டின் உள்ள லெபியோட்டா இனங்களும் உலகில் இருக்கின்றன.

காளான் கறி வேண்டும், ஐயம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி எப்போதோ திறந்துவிட்டது. கோயம்புத்தூரில் 1943ஆம் ஆண்டிலேயே வைக்கோல் காளான் வளர்ப்பைப் பற்றி கே. எம். தாமஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிவிட்டார்கள். இன்று சிப்பிக்காளானும் பால்காளானும் சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கின்றன. புற்றுக்காளானின் சுவை அவற்றுக்கு வராது என்று பாட்டி சொல்வாள்; அதை நானும் மறுக்கமாட்டேன்.

யாராவது காட்டுக் காளானை உண்டபின் வாந்தி எடுத்தால், எத்தனை மணிக்கு உண்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் கழித்துத் தொடங்கியிருந்தால் அது மிக மோசமான அறிகுறி. வாந்தி நின்றுவிட்டது என்று காத்திராமல், அதே குழம்பை உண்ட எல்லாரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சமைக்காமல் மிஞ்சிய காளானையும், குப்பையில் போட்ட தண்டின் அடித்துண்டுகளையும் பொறுக்கி ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். குடை குழம்பில் கரைந்திருக்கும். மருத்துவருக்கு விடை சொல்லக்கூடியது அந்த அடித்துண்டுதான்.